இளநீர் என்று நான் சொன்ன ரத்தம்

அடுத்தவர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவது என் வேலை. கொசுவும் அதைத்தான் செய்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது, எனக்கு உண்டு. பி.எஃப். விஷயத்தில் மட்டும் நானும் கொசுவும் ஒன்று.

புனேயில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறேன். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் தப்பே இல்லை, இதில் வருகிற தப்பெல்லாம் என்னுடையது. விமான் நகரிலும் லோஹேகாவிலும் அந்த லேபுக்குச் சின்னச் சின்ன கிளைகள் உண்டு. காலையில் ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டுவார்கள். எடுத்த ரத்தத்தை டியூபில் கொஞ்ச நேரம் உறையவிட்டு, மிஷினில் போட்டுச் சுற்றுவார்கள். சுற்றி முடித்தால் சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே மஞ்சளாக ஒரு தண்ணீர் நிற்கும். சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரில்தான் பார்க்கிறார்கள். டியூபுகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டரில் கட்டி, பெரிய லேபில் கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இரண்டு தடவை தாண்டிப் பார்த்தேன், வகுப்பு என்னைவிட உயரமாக இருந்தது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் டியூப் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் வயதையும் மட்டும் படிப்பேன். அதற்கு மேல் டியூபுக்குள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் டியூப் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, கண்ணை மூடிக்கொண்டா அடுக்க முடியும்?

அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. எல்லார் தண்ணீரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருடையது இளநீர் மாதிரி தெளிவாக இருக்கும். சிலருடையது ரசத்தின் மேல்தெளிவு மாதிரி கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். சிலருடையது வெள்ளையாகக் கலங்கி, மோர் மாதிரி இருக்கும். ஒருமுறை ஒருவருடையது கேழ்வரகுக் கூழ் மாதிரியே இருந்தது. அவர் அதற்கு முந்தைய நாள் ஏதோ கல்யாணத்துக்குப் போனவராம். மோர் மாதிரி இருந்தவர்களின் ரிப்போர்ட்டில் கொழுப்பு எகிறியிருக்கிறது என்று கிளையில் பேசிக்கொள்வதை நாலைந்து தடவை கேட்டேன். பிறகு எனக்கு மிஷினே தேவைப்படவில்லை.

விமான் நகரில் கோயம்புத்தூர், சென்னைப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் ஐ.டி.யில் வேலை பார்க்கிறார்கள். கம்பெனியில் பரிசோதனை என்றால் எங்கள் கிளைக்குத்தான் வருவார்கள். ரத்தம் கொண்டுபோகிறவன் தமிழ் பேசுகிறான் என்று தெரிந்ததும் ஒருவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். மறுநாள் போன்.

"அண்ணா, ரிப்போர்ட் சாயங்காலம்தான் வருமாம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"உங்களுது மோர் தம்பி."

"மோர்னா நல்லதுதானேங்ண்ணா? குளிர்ச்சி."

"குடிச்சா குளிர்ச்சி. ரத்தத்துல ஓடுனா கஷ்டம்."

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. கொழுப்பு அதிகம். அந்தப் பையன் அன்றிலிருந்து எனக்குப் பக்தன். அவன் நாலு பேருக்குச் சொல்ல, அந்த நாலு பேர் நாற்பது பேருக்குச் சொல்ல, ரிப்போர்ட்டுக்கு முன்னால் எனக்குப் போன் வருவது வழக்கமாகிவிட்டது. அடுத்தவர் ரத்தத்தைப் பற்றி இப்படிப் பேசக்கூடாது என்பது லேபின் விதி. எனக்கு அது தெரியும். நாலாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார வைக்கப்பட்டவனிடம் படித்தவர்கள் வந்து 'என்ன ரிசல்ட்' என்று கேட்கிற சுகம் இருக்கிறதே, அது விதியைவிடப் பெரிதாக இருந்தது.

என் மனைவியின் அண்ணன் லோஹேகாவில் இருக்கிறார். எனக்கு மச்சான். விமானப்படை ஸ்டேஷனில் ஸ்டோர் வேலை, ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருஷம். முப்பது வருஷமாக இந்த ஊர் என்பதால் அவர் தமிழில் பாதி இந்தியும் கால்வாசி மராத்தியும் இருக்கும். ஒல்லியான ஆள். தொப்பை கிடையாது. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட் என்று சொல்வார். அந்த ரெண்டு எப்போது முடிந்து எப்போது தொடங்கும் என்று யாரும் கண்டதில்லை. புனேக்கு வந்த புதிதில் எங்களைத் தன் வீட்டில் எட்டு மாதம் வைத்துச் சோறு போட்டவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவருக்கு ஒன்று என்றால் என் வீட்டில் அடுப்பு எரியாது. என் மனைவி எரியவிட மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சாங்வியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"உங்க அண்ணன் பண்ற கூத்தைக் கேளு. வாக்கிங் போறேன்னு கிளம்பி, மெயின் ரோட்ல நைட்டிக் கடை முன்னாடி போய் நிக்கிறாராம். தெனமும்."

"யாரு சொன்னா அண்ணி?" என்றாள் என் மனைவி.

"பக்கத்து வீட்டு ஆஜி பாத்திருக்காங்க. ரெண்டு மூணு நிமிஷம் பொம்மையவே பாத்துக்கிட்டு நிக்கிறாராம். அப்புறம் போறாராம். அந்தக் கிழவி எங்கிட்ட வந்து சிரிக்கிது."

"ஒருவேளை உங்களுக்கு வாங்கலாம்னு பாக்குறாரோ என்னவோ."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு கர்ச்சீப் வாங்கித் தந்ததில்ல. இப்ப நைட்டி வாங்குவாரா?"

நான் குறுக்கே போனேன். "பொம்மையத்தானக்கா பாக்குறாரு. அது திரும்பிப் பாக்காது. விடுங்க."

"நீ சும்மா இரு தம்பி. உன்ன யாரும் கேக்கல."

யாரும் கேட்காத இடத்தில்தான் நான் நன்றாக வேலை செய்வேன். அடுத்த நாள் லோஹேகாவ் கிளைக்குப் போனபோது மச்சானைப் பிடித்துக் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கால் பிடிச்சுக்குது மாப்ள. வலது கெண்டைக்கால். ஈரத் துண்டை முறுக்கிப் பிழியுற மாதிரி. ரெண்டு நிமிஷம் நின்னா போயிடும். மறுபடி நடந்தா மறுபடி பிடிக்கும்."

"அதுக்கு நைட்டிக் கடைதானா கிடைச்சுது?"

"கால் பிடிக்கிற எடத்துல அந்தக் கடை இருக்கு. நான் என்ன பண்ணட்டும்? ரோட்ல சும்மா நின்னா, க்யா ஹுவா, க்யா ஹுவான்னு நாலு பேரு கேப்பான். கடை முன்னாடி நின்னா எவனும் கேக்க மாட்டான்."

"எதுத்தாப்புல பேங்க் இருக்கே."

"பேங்க் முன்னாடி நின்னா வாட்ச்மேன் கேப்பான்."

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொன்னால் வாக்கிங்கை நிறுத்திவிடுவாள், சிகரெட்டைப் பிடுங்கிவிடுவாள் என்றார். சரி, ரத்தமாவது பார்த்துவிடலாம் என்று நான் இழுத்துக்கொண்டு போனேன். ஊசியைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பது வருஷம் விமானப்படையில் இருந்தவர்.

மிஷின் சுற்றி நின்றதும் அவருடைய டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு தெளிவு. டியூபுக்கு அந்தப் பக்கம் இருந்த காலண்டரில் தேதியே தெரிந்தது. நான் உடனே போன் போட்டேன்.

"மச்சான், இளநீர்."

"நெஜமாவா?"

"பொள்ளாச்சி இளநீர். நீங்க நூறு வருஷம் நைட்டி பாக்கலாம்."

"ரிப்போர்ட்டு?"

"ரிப்போர்ட்ல என்ன இருக்கப் போவுது? நான்தான் பாத்துட்டேனே."

அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. சாயங்காலம் காகித ரிப்போர்ட்டை லேபில் என்னிடம் கொடுத்தார்கள். அதை ஸ்கூட்டர் டிக்கியில், மழைக்கோட்டுக்கு அடியில் வைத்தேன். முடிவு தெரிந்த பரீட்சைக்கு எவனாவது மார்க் ஷீட் பார்ப்பானா? கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் மச்சானுக்குத் திருவிழா. குடியிருப்பில் எல்லாரிடமும் இளநீரை இந்தியாக்கி 'என் ரத்தம் நாரியல் பானி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞாயிறு காலையில், மிசல் என்று இந்த ஊர்க்காரர்கள் பாவோடு சாப்பிடும் காரப் பயறுக் குழம்புக் கடையில் உட்கார்ந்து, மேலே சிவப்பாக மிதக்கும் எண்ணெயை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்வார். கால்வலிக்கு வாயு என்று பெயர் வைத்து, அக்காவுக்குத் தெரியாமல் தைலம் தேய்த்து, வாசனை வராமல் அதன் மேல் சாக்ஸ் போட்டார். கூடவே நானும் மிசல் சாப்பிட்டேன். தீர்ப்புச் சொன்னவனுக்கு மரியாதையாக அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

அக்காவுக்கும் சந்தோஷம். ஒரு நாள் என் மனைவியிடம் போனில் சொன்னார்: "இப்பல்லாம் நைட்டிக் கடைப் பக்கமே போறதில்லையாம். ஆஜியே சொல்லிட்டாங்க. திருந்திட்டாரு."

என் மனைவி என்னிடம் சொன்னாள். நானும் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். அந்த வாரம் டியூப் எடுக்கப் போகும் வழியில் அவரைப் பார்த்தேன். நைட்டிக் கடைக்கு நாலு கடை முன்னால், மெத்தைக் கடை வாசலில் நின்றிருந்தார். நான் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனேன். மனுஷன் எத்தனை நாள்தான் ஒரே பொம்மையைப் பார்ப்பார், மாறுதலுக்கு மெத்தை பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு ஜோக் அடித்துக்கொண்டேன். நல்ல ஜோக்காகத்தான் பட்டது.

அந்த ஜோக்கை எங்கள் கிளையில் ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் சொன்னதில்தான் வினை வந்தது. அவள் மராத்திக்காரி. எல்லாரும் தாயி என்று கூப்பிடுவோம், அக்கா மாதிரி. தெற்கத்திக்காரன் என்றால் இங்கே எவனும் அண்ணாதான் என்பதால் அவள் என்னை அண்ணா என்பாள். எங்கள் பேச்சு இந்தியில்தான் நடக்கும். என் இந்தியை இங்கே எழுதினால் இந்திக்காரர்கள் வழக்குப் போடுவார்கள், ஆகையால் தமிழில் எழுதுகிறேன்.

நைட்டிக் கடைக் கதையைக் கேட்டுத் தாயி சிரித்தாள். மெத்தைக் கடைக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நின்னா வலி போயிடுதா?"

"ரெண்டே நிமிஷம். போயிடும்."

"நடந்தா திரும்ப வருதா?"

"வருது. வாயு."

"மெத்தைக் கடை வீட்டுக்குக் கிட்டயா, நைட்டிக் கடை கிட்டயா?"

"மெத்தைக் கடைதான் கிட்ட."

அவள் கையுறையைக் கழற்றி வைத்தாள். "அண்ணா, அவர் நைட்டிக் கடைய விட்டுடலை. அவரால அங்க போய்ச் சேர முடியல."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஆனா ரத்தம் தெளிவு தாயி. நானே பாத்தேன். இளநீர்."

"தெளிவா இருந்தா நல்லதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் விளக்கினாள். கொழுப்பு ரத்தத்தில் தனியாக மிதக்காது, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிப் போகும். பெரிய பொட்டலம் ஒரு ஜாதி. அது அதிகமானால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். நான் மோர் என்று கண்டுபிடித்தது அதைத்தான். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, உள்ளே புகுந்து, வருஷக்கணக்காகப் படிகிறது இன்னொரு ஜாதி. அது மிகச் சின்னப் பொட்டலம். அது எவ்வளவு அதிகமானாலும் தண்ணீர் கலங்காது.

"ஒரு கிளாஸ்ல ஒரு பிடி உப்பைப் போட்டுக் கரைச்சா தண்ணி எப்படி இருக்கும் அண்ணா?"

"தெளிவா."

"குடிப்பீங்களா?"

கம்ப்யூட்டரில் மச்சானின் ரிப்போர்ட்டைத் திறந்து, ஒரு வரியைக் காட்டினாள். எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு எச் எழுத்து. அந்த எழுத்து இருந்தால் அளவுக்கு மேல் என்று அர்த்தம், அது எனக்கே தெரியும். 'எல்டிஎல்' என்று அவள் படித்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரியிலும் எச் இருந்தது. அது அப்பா அம்மாவிடமிருந்து வருகிற ஜாதியாம், பத்தியம் இருந்தாலும் குறையாதாம்.

"கால்ல வந்திருக்குன்னா இதயத்துலயும் வரலாம். டாக்டர்கிட்ட உடனே கூட்டிட்டுப் போங்க. அப்புறம் அண்ணா, இனிமே எந்த டியூபையாவது வெளிச்சத்துல தூக்கிப் பாத்தீங்கன்னா மேனேஜர்கிட்ட சொல்லிடுவேன்."

சொல்லியிருக்கவேண்டும். அவள் நல்ல பெண், சொல்லவில்லை.

வெளியே வந்து டிக்கியைத் திறந்தேன். மழைக்கோட்டுக்கு அடியில் கவர் இருந்தது. ஓரம் நனைந்து காய்ந்து வீங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். அதே இரண்டு எச். ஒரு மாதத்துக்கு மேல் நான் அதன் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு லோஹேகாவ் போனேன். மச்சான் பனியனோடு உட்கார்ந்து வெங்காயப் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அக்கா எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை. அதைப் பார்த்தே அங்கே இருந்தவர்கள் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

"மச்சான், ஒரு விஷயம். உங்க ரத்தம் இளநீர்னு சொன்னேன்ல, அது தப்பு. நான் ஒரு முட்டா..."

அந்த நேரம் பார்த்து ஃபைட்டர் விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே கிளம்பியது. லோஹேகாவில் அப்படித்தான். விமானம் போனால் எல்லாரும் சொன்ன வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். நானும் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன். அடுத்தவன் நம்மை முட்டாள் என்று சொல்லும்போது விமானம் வந்தால் பரவாயில்லை. நாமே சொல்லும்போது வந்தால் இரண்டு தடவை சொல்லவேண்டும்.

"நான் ஒரு முட்டாள்" என்று முடித்தேன்.

"இது எங்களுக்கு கல்யாணத்தன்னைக்கே தெரியுமே" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி அதிகமாகச் சிரித்தாள்.

"இல்லக்கா, நெஜமா சொல்றேன்."

"நெஜமாத்தான் நாங்களும் சொல்றோம் தம்பி."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பத்து வருஷமாக நான் என்னையே கேலி செய்து பிழைக்கிறவன். இந்த வீட்டில் நான் முட்டாள் என்று சொன்னால் அது கை தட்டவேண்டிய இடம். கவரை எடுத்து நீட்டினேன். தாயி சொன்னதை, சின்னப் பொட்டலம், உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். மடித்துப் பஜ்ஜித் தட்டுக்கு அடியில் வைத்தார்.

"மிஷினுக்கு என்ன மாப்ள தெரியும்? உன் கண்ணு தப்பாது. அந்த கோயம்புத்தூர் பையனுக்குச் சரியாச் சொன்னே இல்ல?"

"அது மோரு மச்சான். மோரு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"சோடு யார், விடு. மூணு நாளா கால்வலியே இல்ல எனக்கு."

"கால்வலியா?" என்றார் அக்கா.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பஜ்ஜியைப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்று, எனக்கே பழக்கமில்லாத குரலில் சொன்னேன்: "வாங்க மச்சான். நைட்டிக் கடை வரைக்கும் நடப்போம். நடுவுல எங்கயும் நிக்காம நீங்க அங்க போயிட்டா, இந்தப் பேப்பரை நானே கிழிச்சுப் போட்டுடறேன். தைலம் தேய்க்கவும் நானே வர்றேன். நின்னுட்டீங்கன்னா நாளைக்கு டாக்டர்."

மச்சானுக்கு ரோஷம் வந்தது. சட்டையை மாட்டினார். அக்காவும் செருப்பைப் போட்டார். நைட்டிக் கடை என்றால் அவர் வராமல் இருப்பாரா? என் மனைவியும் வந்தாள். ஊர்வலம் மாதிரி நாலு பேர் தெருவில் இறங்கினோம்.

பால் கடை வரைக்கும் நன்றாகத்தான் நடந்தார். கையை வீசி, என்னை முந்திக்கொண்டு. சைக்கிள் கடை தாண்டியதும் பேச்சு நின்றது. கொஞ்ச தூரத்தில் வலது காலை இழுத்து வைக்கத் தொடங்கினார். மேலுதடு வேர்த்திருந்தது. அப்போதும் நடந்தார். பந்தயம் என்று சொல்லியிருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நிறுத்தச் சொன்னால் என் கட்சி தோற்கும், நிறுத்தாவிட்டால் அவர் கால் போகும். இப்படி ஒரு விளையாட்டை நாலாம் வகுப்பில் பெயில் ஆனவன்தான் ஏற்பாடு செய்வான். 'போதும் மச்சான்' என்று நான் சொல்ல வாயெடுத்தபோது மெத்தைக் கடை வந்துவிட்டது.

மச்சான் நிற்கவில்லை. கடைக்காரர்தான் நிறுத்தினார். பெரிய மீசை வைத்த மராத்திக்காரர். கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "காகா, பஸா பஸா" என்று அவர் கையைப் பிடித்து, வாசலில் போட்டிருந்த மெத்தையில் உட்கார வைத்தார். உட்காரும்போது மச்சான் முகம் கோணியது. எங்களைப் பார்த்துக் கடைக்காரர் சந்தோஷப்பட்டார். கடைசியில் குடும்பத்தோடு வாங்க வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்.

"தினமும் இதே மெத்தைதான் உக்காந்து பாக்குறார்" என்று இந்தியில் அக்காவிடம் சொன்னார். "முதல்ல போகும்போது ஒரு தடவை நிப்பார். இப்போ போகும்போதும் உக்காருவார், வரும்போதும் உக்காருவார். இவ்வளவு சோதிச்சுப் பாத்து மெத்தை வாங்குற ஆளை நான் பாத்ததில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மெத்தையின் ஓரத்தில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார், நடுத்தெருவில், கடைக்காரர் முன்னால்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம் இருக்கும்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ சிகரெட்டைப் பிடுங்கிடுவே."

அக்கா அவர் சட்டைப்பையில் கை விட்டு, பாக்கெட்டை எடுத்துக் கடைக்காரரின் குப்பைக்கூடையில் போட்டார். மச்சான் தடுக்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் வந்தோம்.

மறுநாள் விமான் நகரில் ஒரு டாக்டர். வெளியே நாற்காலியில் நானும் மச்சானும் காத்திருந்தோம். அக்கா டோக்கன் விசாரிக்கப் போயிருந்தார். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன், மன்னிப்புக் கேட்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டு. அவர்தான் முதலில் பேசினார்.

"மாப்ள, ரிப்போர்ட்டு என் போனுக்கும் வந்துச்சு. அன்னைக்கே."

"பாக்கலையா?"

"பாத்தேன். எச் போட்டிருந்துச்சு. ரெண்டு எடத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீ சொன்னது நல்லா இருந்துச்சு. அதையே வச்சுக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்ததா, நிம்மதி வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதமாக நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்த ஆள், ஏமாறுவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஊரிலேயே மலிவான டாக்டர் நான்தான். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, மிசலுக்குத் தடை கிடையாது.

உள்ளே டாக்டர் முதலில் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பார்த்தார். இடது காலில் சட்டென்று கிடைத்தது. வலது காலில் தேடினார். பிறகு கையில் கட்டுகிற பி.பி. பட்டையைக் கணுக்காலில் கட்டி, பசை தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்துச் சத்தம் கேட்டார். நதி ஓடுகிற மாதிரி இடது காலில் சத்தம் வந்தது. வலது காலில் அதே நதி, வெயில் காலத்தில். கையில் இருக்கிற அழுத்தத்தைவிட அந்தக் காலில் குறைவு என்றார். காலுக்குப் போகிற குழாய் உள்ளே குறுகியிருக்கிறது, நடக்கும்போது தசை கேட்கிற ரத்தம் போய்ச் சேரவில்லை, நின்றால் போதுமானது கிடைத்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

"இது வாயு இல்லையா டாக்டர் சாப்?" என்றார் மச்சான்.

"வாயு நைட்டிக் கடை வரை நடக்க விடும்" என்றார் டாக்டர். அக்கா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், காலுக்கு இப்போது ஆபத்தில்லை என்றார். இதயத்துக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், அது சரியாக இருந்தது. கொழுப்புக்குத் தினமும் ஒரு மாத்திரை, நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக்கூடாது. சிகரெட் அடியோடு கூடாது, ரெண்டும் கூடாது. நடப்பதை நிறுத்தக்கூடாது. வலிக்கிற வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்கவேண்டும். அப்படி நடந்தால் தூரம் கூடும்.

"நிக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க" என்றார்.

கடைசியாக இரண்டாவது எச்சைப் பேனாவால் வட்டமிட்டார். இது பிறப்பிலேயே வருவது, கூடப் பிறந்தவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். மச்சானுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. அவள் அப்போது சாங்வியில் எனக்கு மத்தியான சாப்பாடு செய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் பயப்படவில்லை. "சரி, குடுத்துட்டாப் போச்சு" என்றாள். எங்கள் கிளையில் தாயியிடம் காலை ஏழு மணிக்கு நேரம் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நான் டியூபுகளை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மத்தியானம் வீட்டுக்குப் போனபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தாள்.

"எங்க குடுத்தே?"

"நம்ம தெருமுனையில ஒரு லேப் இருக்குல்ல, அங்க."

"அது வேற கம்பெனி. நம்ம லேப்ல எனக்கு சலுகை உண்டு. ஏன் அங்க போனே?"

"அங்க டியூபை எடுத்துட்டுப் போறவன் தமிழ் பேச மாட்டான்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. என்ன என்று கேட்டேன். டாக்டர்கிட்ட காட்டிட்டு சொல்றேன் என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். விமான் நகருக்கு நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். நீ இங்கயே உக்காரு என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். உட்கார்ந்தேன். எதிரே சுவரில் மனுஷ உடம்பின் ரத்தக்குழாய்ப் படம் ஒன்று தொங்கியது. கழுத்திலிருந்து கால் விரல் வரை சிவப்பாக இறங்கியிருந்தது. அதில் ஒன்றும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கதவு திறக்கிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.